எட்டு டிகிரி

காலை எட்டரை மணிக்கு ஷெட்டில் இருந்தவர்கள்: செத்தவரின் அண்ணன். செத்தவரின் தங்கை. பக்கத்துப் பட்டறை வெல்டர். வாகன ஆய்வாளர். வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்கு வருகிற கதவின் படியில் பதினாறு வயது மகள். வேனின் பின்சக்கரத்தின் ஓரமாக மனைவி. செத்தவர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், முன்னறையில், சேர்த்துப் போட்ட இரண்டு மேசைகளின் மேல் கிடந்தார். பதினோரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு.

அண்ணன் பானெட்டின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் டயரையும் பார்த்து எழுதி முடித்துக் கிளம்பத்தான் இருந்தார். அவர் கையைப் பிடித்து நிறுத்தியது அண்ணன்.

"இன்ஜினையும் பார்த்துட்டுப் போங்க சார். நேத்து எதிர்ல வந்து மோதின லாரிக்காரன் கண்டதையும் உளறியிருக்கானாமே."

"உளறல்னு சொல்ல முடியாது. வேன் மேட்டுல முன்னால போன வண்டியை முந்த வந்துச்சு, பாதியில சோர்ந்து போச்சுங்கிறான். பிரேக் போட்ட மாதிரி இல்லையாம். இழுக்க மாட்டாம தவிச்ச மாதிரியாம்."

"எங்க தம்பி வண்டி இழுக்கலையா?" அண்ணன் சிரித்தார். அழுது வீங்கிய முகத்தில் அந்தச் சிரிப்பு பார்க்க நன்றாக இல்லை. "கழட்டியே பாருங்க. அவன் கைவேலையில ஒரு குறை காட்டுங்க, நான் மீசையை எடுத்துடறேன்."

"மீசை இருக்கட்டும்," என்றார் ஆய்வாளர்.

பானெட் கிறீச்சிட்டுத் திறந்தது. மனைவி தன் கையைப் பார்த்தாள். நேற்று மாலையிலிருந்து மூன்று முறை சோப்பு போட்டுக் கை கழுவியிருந்தாள். கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பு போகவில்லை. கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

அடி ஓட்டுநர் பக்கத்தில் விழுந்திருந்தது. அந்தக் கதவு இப்போது இல்லை. வெல்டர்தான் நேற்று சாலையில் மண்டியிட்டு அதை வெட்டியெடுத்து ஆளை வெளியே கொண்டுவந்தான். வெட்டிய விளிம்பில் கரி படிந்திருந்தது. இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நொறுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ராத்திரி முழுக்க நினைத்திருந்தாள். புருஷன் உள்ளே கிடக்கும்போது நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே கேட்டும் அந்த நினைப்பு நிற்கவில்லை.

செத்தவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் இருந்தது. வாசலில் வண்டி வந்து நிற்கும்போதே உள்ளேயிருந்து, "மூணாவது பிளக்கைப் பாருய்யா," என்று குரல் கொடுப்பார். டைமிங் வைக்க மற்ற மெக்கானிக்குகள் விளக்கு வைத்திருந்தார்கள். இவர் இன்ஜினை ஓடவிட்டு, பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரின் நட்டைப் பதிமூன்றாம் நம்பர் ஸ்பானரால் தளர்த்தி, அதைப் பால் குடிக்கிற குழந்தையின் தலையைப் பிடிப்பது போலப் பிடித்து, மெல்லத் திருப்புவார். கண் மூடியிருக்கும். ஓரிடத்தில் தலையாட்டுவார். அவ்வளவுதான். "ஏன்யா, இன்ஜின் உன்கிட்ட மட்டும் என்ன ரகசியம் பேசுது?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள். "உன்னைப் பத்தித்தான் புகார் சொல்லுது," என்பார்.

டைமிங் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. பிளக்கில் பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்கிற கணக்கு. முந்தி விழுந்தால் இன்ஜின் தட்டும். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். விட்டுவிட்டால் ஒருநாள் பிஸ்டன் உடையும். பிந்தி விழுந்தால் சத்தமே இருக்காது. இழுவையும் இருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், வேனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு அந்தக் கூழாங்கல் கேட்டது. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தட்டுதே, உங்களுக்குக் கேக்கலை?" என்றாள், விளையாட்டாக.

"என்ன தட்டுது?"

அவர் திரும்பிப் பார்த்தார். அந்த ஒரு பார்வையில் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்குப் புரிந்தது அவருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயந்து, "ஒண்ணுமில்ல, பின்னாடி ஜாக்கி உருளுது போல," என்று சொல்லி வைத்தாள். அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. காதுக்காரனுக்குக் காது போச்சு என்று எந்தப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொல்வாள்?

சொல்வதற்குப் பதிலாகக் கற்றுக்கொண்டாள். அவர் குளிக்கப் போகிற நேரத்தில் ஸ்பானரை எடுத்து நட்டைத் தளர்த்தி, ஒரு நகக் கனம் பின்னுக்குத் திருப்பி, இறுக்கிவிடுவாள். முதலில் வேனில் மட்டும். பிறகு வாடிக்கை வண்டிகளிலும். கடந்த இரண்டு வருடத்தில், காதுக்காரர் வைத்த டைமிங் என்று பெயர் வாங்கிய வண்டிகளில் பாதி அவள் திருப்பியவை. யாருக்கும் தெரியாது.

நேற்றும் திருப்பினாள்.

நேற்று காலையிலிருந்து மதியம் வரை அவர் ஷெட்டைச் சாத்திக்கொண்டு வேனோடு கிடந்தார். அது வேனோடு வந்த இன்ஜின் இல்லை. ஒரு பெரிய காரிலிருந்து பிடுங்கிய இன்ஜின், வேறு கேம்ஷாப்ட், இரட்டைத் தொண்டை கார்புரேட்டர். டீ கொண்டுபோனவளைக் கதவிலேயே நிறுத்தி, "கார்புரேட்டர்ல வேலை, வராதே," என்று டம்ளரை வாங்கிக்கொண்டார். இரண்டு மணிக்கு அவள் வேனை எடுத்துப்போய் மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்தாள். சமதரையில், காலை லேசாக வைத்திருக்கும்போதே தட்டியது. அப்படி ஒருநாளும் தட்டியதில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சூடு ஆறாத இன்ஜினுக்குள் கையை விட்டாள். ஒரு நகக் கனம் போதவில்லை. இன்னொன்று. ஓடவிட்டுக் கேட்டாள். இன்னும் கொஞ்சம். சத்தம் நின்றது. நிம்மதியாக இறுக்கினாள்.

நாலு மணிக்கு அவர் ஒரு கனத்த இன்ஜின் பிளாக்கைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். நாலு நாற்பதுக்குப் போன் வந்தது.

"இந்தக் குழாயை இங்க மாத்தினது யாரு?" என்று ஆய்வாளர் கேட்டார்.

அவள் நிமிர்ந்தாள். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிற வட்டமான தகர டப்பா. அதிலிருந்து வருகிற விரல் கனமுள்ள ரப்பர் குழாய். அது எப்போதும் கார்புரேட்டருக்குப் போகும். இப்போது அதைத் தாண்டி, கீழே, இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற மேனிபோல்டில் செருகியிருந்தது. அவள் நேற்று அதைப் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவில்லை. அவள் பார்ப்பது ஒரே ஒரு நட்டை மட்டும்தான்.

"அவன்தான் மாத்தியிருப்பான். அதுல என்ன சார் தப்பு?" என்றார் அண்ணன்.

"தப்பில்ல. இந்த கேம்ஷாப்ட்டுக்கு இப்படி மாட்டுறவங்க உண்டு. காலை லேசா வச்சிருக்கும்போது இன்ஜின் பயங்கரமா உறிஞ்சும். அந்த உறிஞ்சல் இந்த டப்பாவை இழுக்கும், டப்பா டைமிங்கை முன்னால தள்ளும். முழுசா மிதிச்சா உறிஞ்சல் செத்துப்போகும். குழாய் குடுத்தது எல்லாம் போயிடும். அப்ப மிச்சம் நிக்கிறது கையால வச்ச டைமிங் மட்டும்தான். அதனால அதைச் சரியா வைக்கணும்."

"அவன் வச்சா சரியாத்தான் இருக்கும்."

ஆய்வாளர் ஒயர் வைத்த சின்ன பல்பு ஒன்றை மாட்டினார். பெரிய ஸ்பானரைப் போட்டு இன்ஜினைக் கையால் சுற்றினார். பல்பு மினுங்கிய இடத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தார். பின்னோக்கிச் சுற்றி, மறுபடியும் பார்த்தார்.

"நாலு," என்றார்.

அண்ணனும் குனிந்து பார்த்தார்.

"பன்னண்டு இருக்கணும். நாலுதான் இருக்கு. எட்டு டிகிரி பின்னால கிடக்குது."

அவள் மனதுக்குள் எல்லாம் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்தது. நேற்று அவள் கேட்ட கூழாங்கல் குழாய் கொடுத்தது. அதைக் குழாயில் குறைக்கத் தெரியாமல் அவர் கையால் வைத்ததில் குறைத்தாள். மேட்டில், எதிரே லாரி வரும்போது, அவர் காலை முழுதாக அழுத்தியிருப்பார். குழாய் தன் பங்கை எடுத்துக்கொண்டது. அவள் தன் பங்கை அதற்கு முன்பே எடுத்திருந்தாள். வேன் சோர்ந்து போயிருக்கும். அவர் இன்னும் அழுத்தியிருப்பார். அவள் சக்கரத்தின் மேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"அப்ப காதுக்காரர் வச்சதுதான் தப்புன்னு எழுதப் போறீங்களா?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"இருங்க." ஆய்வாளர் டார்ச்சை அடித்தார். "இங்க ஒரு கீறல். புதுசு, பளபளன்னு இருக்கு. இது பன்னண்டுக்கு நேரா இருக்கு. அவர் சரியா வச்சு, குறியும் போட்டு இறுக்கியிருக்காரு. பிறகு யாரோ தளர்த்திப் பின்னால திருப்பியிருக்காங்க. இன்ஜின் முன்னாடி சுத்துற புல்லியில வெள்ளைப் பெயின்ட்ல ஒரு புள்ளி வேற. விளக்கு வச்சு டைமிங் பார்க்கிறவங்க வைக்கிற புள்ளி. காதால வைக்கிறவருக்கு இது எதுக்கு?"

அண்ணன் மெல்லத் திரும்பினார். நாலு தெருவுக்கும் சேர்த்து டைமிங் விளக்கு வைத்திருந்தது வெல்டர் ஒருத்தன்தான்.

"நேத்து நீ இங்க வந்தியா?"

வெல்டர் தரையைப் பார்த்தான்.

"வந்தான்," என்றாள் தங்கை. "பத்து மணிக்கு மாடியில துணி காயப்போடும்போது பார்த்தேன். துணியில எதையோ சுத்திக்கிட்டு உள்ள நுழைஞ்சான். வெறுங்கையோட வெளிய வந்தான்."

"என்னடா அது?"

"லைட்டு," என்றான் வெல்டர்.

"காதுக்காரன் வீட்டுக்கு லைட்டு எதுக்கு? மீனுக்கு நீச்சல் சொல்லிக் குடுக்க வந்தியா?"

வெல்டரின் கண் ஒரு தடவை முன்னறைக் கதவுப் பக்கம் போய் வந்தது.

அவளுக்கு அப்போது இரண்டாவது விஷயமும் புரிந்தது. அவர் விளக்கு கேட்டு வாங்கியிருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு, இருபது வருடம் கேலி செய்த அந்த விளக்கைப் பிடித்து, கண்ணால் டைமிங் வைத்திருக்கிறார். எதற்கு விளக்கு என்று இவனுக்குத் தெரியும். சொன்னால் தப்பித்துவிடுவான். சொல்ல மாட்டேன் என்று நிற்கிறான்.

"பேசுடா! மூணு வருஷமா சுவர்த் தகராறு மனசுல வச்சிருந்தியா? இப்பத் தீர்த்துக்கிட்டியா?" அண்ணன் அவன் சட்டையைப் பிடித்தார். பொத்தான் ஒன்று தெறித்து வேனுக்கு அடியில் உருண்டது.

"பெரியண்ணே, விடாதே அவனை," என்றாள் தங்கை. "கதவை அறுத்து ஆளைத் தூக்கினப்பவே நினைச்சேன், என்ன இவ்வளவு துடிக்கிறான்னு."

வெல்டர் கையை ஓங்கவில்லை. தள்ளவும் இல்லை. அவன் நினைத்திருந்தால் ஒரு கையால் அண்ணனைத் தூக்கி வெளியே வைத்திருக்கலாம்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "இப்படின்னா இது என் கையில இல்ல. வேணும்னே திருப்பியிருந்தா அது வேற கேஸ். ஸ்டேஷனுக்குச் சொல்லணும். தம்பி, நீ எங்கேயும் போயிடாதே."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவ்வளவுதான் வேலை. அவள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. பதினோரு மணிக்கு எடுத்துவிடுவார்கள், நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டு அழுவாள், மகள் மடியில் படுப்பாள். இவனைக் கூட்டிப்போவார்கள். இவன் அங்கேயும் வாயைத் திறக்க மாட்டான். அவள் வெல்டரின் சட்டையைப் பார்த்தாள். நேற்றைய சட்டைதான். நெஞ்சில் காய்ந்த ரத்தம். அவருடையது.

"நான்தான் திருப்பினேன்," என்றாள்.

யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

"அவனை விடுங்க அத்தான். நான்தான் திருப்பினேன். நேத்து மத்தியானம்."

அண்ணன் சட்டையை விடாமலே திரும்பினார். "உனக்கு என்னம்மா தெரியும் அதெல்லாம்? அதிர்ச்சியில பேசறே. உள்ள போ."

"பதிமூணாம் நம்பர் ஸ்பானர். அந்த நட்டு. ரெண்டு வருஷமா திருப்பறேன்."

"எதுக்கு?"

"தட்டும்."

"தட்டினா அவனுக்குத் தெரியாதா?"

இதற்குத்தான் அவள் பயந்தாள். எட்டு டிகிரியைவிட இதற்குத்தான்.

"அவருக்குக் கேக்காது," என்றாள்.

தங்கைக்கு முகம் கோணியது. "என்ன சொன்னீங்க?"

"அந்தச் சத்தம் அவருக்குக் கேக்காது. ரெண்டு வருஷமாவே."

"எங்கண்ணனுக்கா? எங்கண்ணனுக்குக் காது கேக்காதா? பொணம் உள்ள கிடக்குது அண்ணி, வாய் அழுகிப் போயிடும். கொன்னதும் இல்லாம செவிடன்னு வேற பேர் வைக்கறீங்களா?"

கொன்னதும் என்ற சொல் ஷெட்டுக்குள் விழுந்தது. எடுத்து அப்பால் வைக்க யாரும் முன்வரவில்லை.

வெல்டர்தான் பேசினான். சட்டை இன்னும் அண்ணன் பிடியில் இருந்தது. "அண்ணி சொல்றது நிஜம். லைட்டை வாங்கிட்டு, 'இனிமே இதுதான்டா என் காது'ன்னாரு. சிரிச்சாரு. 'யார்கிட்டயும் சொல்லாதே, முக்கியமா வீட்ல சொல்லாதே. அவ பாவம், என் காதை நம்பிக்கிட்டு இருக்கா'ன்னாரு."

அண்ணனின் கை தானாகக் கீழே இறங்கியது. அவர் வெல்டரையும் பார்க்கவில்லை, தம்பி மனைவியையும் பார்க்கவில்லை. கடப்பாரையை எடுத்துச் சுவரில் சாத்தி வைத்தார். அது சரிந்தது. மறுபடியும் சாத்தினார்.

ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "பேரு?"

சொன்னாள்.

"உறவு?"

"மனைவி."

"தொழில்?"

யோசித்தாள். "ஒண்ணுமில்ல. வீட்ல."

அவர் எழுதினார். "நாலுல ஓடுற வண்டி ரோட்டுல ஆயிரம் இருக்கும்மா. மேட்டுல, அத்தனை பாரத்தோட, அவர் முந்தாம இருந்திருக்கலாம். அதையும் எழுதுவேன். ஆனா பார்த்ததை எழுதாம விட முடியாது. நாளைக்கு ஆபீஸ் வந்து கையெழுத்துப் போடுங்க." கிளம்பும்போது பானெட்டை மூடப் பார்த்தார். மூடவில்லை. அப்படியே விட்டுவிட்டுப் போனார்.

வெல்டர் அவர் பின்னாலேயே போனான். தெறித்த பொத்தானைத் தேடவில்லை.

"பதினொன்னுக்கு எடுக்கணும்," என்றார் அண்ணன், தங்கையிடம். "உள்ள வா." தம்பி மனைவியைத் தாண்டிப் போகும்போது, முகத்தைப் பார்க்காமல், "நீ கொஞ்ச நேரம் இங்கயே இரும்மா," என்றார். "சொந்தக்காரங்க இருக்காங்க. இப்ப ஒண்ணும் வேணாம்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். படியில் ஏறும்போது மகளின் தோளில் கை வைத்து, "கதவைச் சாத்திட்டு வா பாப்பா," என்றார். தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே பின்னால் போனாள்.

மகள் நின்றாள். பள்ளிச் சீருடையை இன்னும் மாற்றியிருக்கவில்லை. நேற்று போட்டதுதான்.

"அம்மா."

"என்னம்மா."

"வேன்ல சத்தம் வருதுன்னு நான்தானே சொன்னேன்?"

அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். அவருடைய நெற்றி. அதில் இதற்கு முன் இல்லாத ஒரு சுருக்கம்.

"இல்ல. எனக்கு முன்னாடியே கேட்டுச்சு."

"கேக்கலை. நீ ரேடியோ வச்சிருந்தே. நான் சொன்ன பிறகுதான் அணைச்சே. 'ஆமா, ரொம்பத் தட்டுது'ன்னு சொன்னே."

"பாப்பா, அது…"

"நான் சொல்லாம இருந்திருந்தா நீ திருப்பியிருக்க மாட்டே."

"உனக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நான் வாராவாரம் திருப்பறதுதான்."

"இவ்வளவு திருப்ப மாட்டே இல்ல?"

பதில் சொல்ல ஒரு நொடி பிந்திவிட்டது. அந்த ஒரு நொடியை மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா படியை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். மகள் ஓர் அடி பின்னால் போனாள். பயந்த நாய்க்குட்டி போவது போல, கண்ணை எடுக்காமல்.

"யார்கிட்டயும் சொல்லிடாதேம்மா," என்றாள் மகள், மிகவும் சின்னக் குரலில். "நான்தான்னு."

பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் ஒரு முறை சிக்கியது. மகள் கதவைத் தூக்கிப் பிடித்து, அதைத் தள்ளிப் போட்டாள்.